மேற்கோள் குறிக்குள் ஒரு சொல்

இலக்கியப் பத்திரிகையில் கோர்ட்டுத் தீர்ப்புக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நீ கதை, கவிதையைப் பத்தி எழுது, சட்டத்தை வக்கீலுங்க பார்த்துக்குவாங்க என்கிறார்கள். இந்தப் பாகப்பிரிவினை எனக்கு ஒத்துவரவில்லை. நம்ம ஜனங்க தமிழ் நாவலுக்குள்ளே நுழைந்ததைவிட போலீஸ் ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆருக்குள்ளேயும் கோர்ட்டுக் கட்டுக்குள்ளேயும் நுழைந்ததுதான் அதிகம். நாவலில் பேர் இல்லாத பண்ணையாளாக ஓரத்தில் நின்றுவிட்டுப் போனவன், அங்கே பேர், தகப்பன் பேர், வயசு, சாதி எல்லாத்தோடும் வருகிறான். நம்மைப் பற்றி அடுத்தவர்கள் எழுதி அடுக்கி வைத்திருக்கிற பிரதிகளின் பெரிய குவியல் அங்கேதான் கிடக்கிறது. அதை வாசிக்காமல் தலித் விமர்சனம் என்று ஒன்றைப் பேசுவதில் அர்த்தமில்லை.

தீர்ப்பும் ஒரு கதையாடல்தான். அதில் கதைசொல்லி உண்டு, பாத்திரங்கள் உண்டு. யார் சொல்வதை நம்பலாம், யார் சொல்வதைத் தள்ளலாம், உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்பதையெல்லாம் கதைசொல்லி முடிவு பண்ணுகிறார். நாவலுக்கும் இதுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். இந்தக் கதை முடிகிறபோது ஒருத்தன் ஜெயிலுக்குப் போவான், இல்லாவிட்டால் மாலை போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்புவான்.

ஒரு உதாரணம். 1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் 23 மிராசுதார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்றவர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன நியாயங்களில் ஒன்றைக் கவனியுங்கள். இவர்களில் பெரும்பாலானவர்கள் நிறைய நிலபுலம் உள்ள பணக்காரர்கள், முதல் எதிரியிடம் கார் இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாளை அனுப்பாமல் தாங்களே நடந்துவந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கஷ்டம். கார் இருப்பவன் நடந்துவந்து கொல்ல மாட்டான் என்பது சட்டப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. அது கதைசொல்லியின் மனசிலிருந்து வந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1975இல், இதே சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வந்தது. 1977இல் அதற்கு சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. அந்த நாவலில் நிலக்கிழாரின் குரூரத்துக்கு வேர் அவருடைய ஆண்மைக் குறைவில் தேடப்பட்டது. தீர்ப்பு எழுதியவர் மிராசுதாரின் காரைப் பார்த்தார், நாவல் எழுதியவர் மிராசுதாரின் படுக்கையறையைப் பார்த்தார். கூலி கூட்டிக் கேட்ட அரைப்படி நெல் ரெண்டு பேர் கண்ணிலும் சரியாக விழவில்லை. ஒருவர் நமக்கு விரோதி, இன்னொருவர் அனுதாபி என்று பிரித்துக்கொண்டு போவது சுலபம். ரெண்டு பிரதியும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுதப்பட்டவை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்தப் பழக்கத்தோடுதான் அரசியல் சட்டத்தையும் அதற்கு வந்திருக்கிற உரைகளையும் வாசித்துக்கொண்டு வருகிறேன். உரை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நம்ம மொழியில் மூலம் ஒன்று, உரை பல. குறளில் மனு கிடையாது. ஆனால் அறம் என்றால் மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வது, விலக்கியதை விடுவது என்று உரையில் எழுதிவைத்தார் பரிமேலழகர். மூலத்தில் இல்லாத ஆளை உரை வழியாக உள்ளே கொண்டுவந்து உட்கார வைக்கலாம். மூலத்தில் இருக்கிற ஆளை வெளியே நிறுத்தவும் செய்யலாம். அரசியல் சட்டத்துக்கு நீதிபதிகள் எழுதுவதும் உரைதான். காலத்துக்கேற்ப அதன் பொருள் வளர்கிறது, விரிகிறது என்று மெத்தப் படித்தவர்கள் பூரித்துப் பேசுகிறார்கள். யாருக்காக விரிகிறது, எந்தப் பக்கத்தில் விரிகிறது, எந்தப் பக்கத்தில் சுருங்குகிறது என்று ஒருத்தன் உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?

2

17வது பிரிவு ரொம்பச் சின்னது. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிப்பது தடை செய்யப்படுகிறது, அதிலிருந்து வரும் எந்தத் தடங்கலையும் திணிப்பது குற்றம் என்கிறது. இதில் தீண்டாமை என்கிற சொல் ரெண்டு தடவை வருகிறது. ஆங்கில மூலத்தில் ரெண்டு தடவையும் அதை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1948 நவம்பர் 29ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தது. மதம் அல்லது சாதி காரணமாக ஒருவரைத் தீண்டத்தகாதவராக நடத்துவது என்று தெளிவாக எழுதலாம் என்று நசிருதீன் அகமது திருத்தம் கொடுத்தார். சொல்லுக்கு விளக்கம் இல்லையே, பெண்களைச் சில நாட்களில் ஒதுக்கி வைக்கிறார்கள், தொற்றுநோய்க்காரரை ஒதுக்கி வைக்கிறார்கள், அதெல்லாம் இதில் வருமா என்று கே.டி. ஷா கேட்டார். மெட்ராஸிலிருந்து போயிருந்த வி.ஐ. முனுசாமிப் பிள்ளை ஆதரித்துப் பேசினார். சபையிலிருந்த ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன் பேசினார். அம்பேத்கர் அகமதுவின் திருத்தத்தை ஏற்க முடியாது என்று சொன்னார். ஷாவுக்குப் பதில் சொல்கிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார். பிரிவு நிறைவேறியது. காந்திக்கு ஜே என்று சபையில் கோஷம் எழும்பியது. வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர் அங்கேயே இருக்கிறார், ஜே காந்திக்கு! இந்த நாட்டில் நம்ம வேலைக்குப் பேர் யாருக்குப் போகும் என்பதை அந்தக் கோஷமே எழுதிவைத்துவிட்டது.

அம்பேத்கர் ஏன் பதில் சொல்லவில்லை? காரணம் சபைக் குறிப்பில் இல்லை. நான் எப்படி வாசிக்கிறேன் என்று சொல்கிறேன். மகத்தில் சவுதார் குளத்துத் தண்ணியை அவர் 1927 மார்ச் 20ஆம் தேதி அள்ளிக் குடித்தார். அதற்காகச் சாதி இந்துக்கள் அவர் மேல் கேஸ் போட்டார்கள். குளத்தில் நம்மை விடாமல் வைத்திருப்பது நினைவுக்கு எட்டாத காலத்து வழக்கம் என்று வாதாடினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் 1937இல் அந்த வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று முடித்தது. ஒரு குளத்துக்கு ஏறக்குறைய பத்து வருஷம். வழக்கம் என்கிற ஒரே ஒரு சொல்லை வைத்து எத்தனை விளையாட்டு விளையாடலாம் என்று பிரதிவாதியாக நின்று பார்த்த மனுஷன் அவர். தீண்டாமைக்கு ஒரு விளக்கத்தை எழுதி வைத்தால் அடுத்த நாளே அதற்கு வெளியே ஒரு புதுத் தீண்டாமையைக் கண்டுபிடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? டீக்கடையில் தனிக் குவளை கூடாது என்றால் எல்லாருக்கும் பிளாஸ்டிக் கப்பு, வேண்டியவனுக்கு மட்டும் கண்ணாடி டம்ளர் என்று மாற்றிக்கொள்கிற சமூகம் இது. ‘எந்த வடிவத்திலும்’ என்கிற ரெண்டு சொல்லுதான் அந்தப் பிரிவின் உயிர்.

ஆனால் விளக்கம் இல்லாத சொல் என்பது திறந்த கதவு. அது வழியாக யாரும் உள்ளே வரலாம், யாரையும் வெளியே தள்ளலாம். 1957இல் மைசூர் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு ஜைனரைச் சொந்த சமூகத்தார் விலக்கி வைக்கச் சொல்லித் துண்டறிக்கை போட்டார்கள். அது தீண்டாமையா என்பது கேள்வி. நீதிபதி அந்த மேற்கோள் குறியைப் பார்த்தார். இது அகராதிப் பொருளில் வரும் சொல் அல்ல, இந்த நாட்டில் வரலாற்றுரீதியாக வளர்ந்து வந்த ஒரு வழக்கத்தின் பெயர் என்று வாசித்தார். அதனால் ஜைனரின் விலக்கம் இதில் வராது என்றார். எனக்கு அது நல்ல வாசிப்பு. ரெண்டு குறிக்கு நடுவே இருப்பது வெறும் சொல் இல்லை, ஒரு வரலாறு என்று முதலில் கண்டவர்களில் அவர் ஒருவர்.

2018இல் சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் அதே மௌனத்தை வேறு மாதிரி வாசித்தார். விளக்கம் கொடுக்காமல் விட்டது வேண்டுமென்றுதான், தூய்மை–தீட்டு என்கிற கருத்தை வைத்து யாரை ஒதுக்கினாலும் 17 பாயும், மாதவிலக்கைச் சொல்லிப் பெண்களை ஒதுக்குவதும் அதில் சேரும் என்றார். நீதிபதி இந்து மல்ஹோத்ரா மறுத்தார். 17 சாதித் தீண்டாமையைத்தான் சொல்கிறது என்றார். நம்ம ஆட்களுக்குள்ளேயே ரெண்டு பக்கமும் பேச்சு இருந்தது. என் வீட்டுப் பெண்களும் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் என்பதால் கதவு பெரிதாகத் திறப்பதில் எனக்கு மறுப்பில்லை. எழுபது வருஷமாக அந்த வாசப்படியில் நின்றுகொண்டிருக்கிறவன் உள்ளே வந்துவிட்டானா என்று திறந்துவிடுகிறவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும்.

3

தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கணும். இது நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கிற முறை. முன்பக்கங்களில் மனித மாண்பு, சமத்துவம், அம்பேத்கர், சாதியின் கொடுமை எல்லாம் கண்ணீர் வரும்படி எழுதியிருப்பார்கள். கடைசியில் உத்தரவு என்று ஒரு பகுதி வரும். முதலில் அதைப் படித்துவிட்டு அப்புறம் முன்பக்கத்துக்கு வந்தால் நெஞ்சு எவ்வளவு பெருசு, கை எவ்வளவு சிறுசு என்று தெரிந்துபோகும்.

1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் அதைத் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாற்றினார்கள். நம்ம பக்கத்தில் இன்றைக்கும் எந்த வழக்கையும் பிசிஆர் கேஸ் என்று சொல்வது அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பேரை வைத்துத்தான். அதில் 12வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தாழ்த்தப்பட்டவர் ஒருவருக்கு எதிராக அந்தச் சட்டத்தில் சொன்ன குற்றம் நடந்தால், அது தீண்டாமையின் காரணமாகத்தான் நடந்தது என்று கோர்ட்டு அனுமானிக்க வேண்டும். இல்லை என்றால் எதிரிதான் அதை நிரூபிக்கணும். அதாவது, என்னைக் கிணத்தடியிலிருந்து விரட்டினவன் ஏன் விரட்டினான் என்று நான் அவன் நெஞ்சைப் பிளந்து காட்ட வேண்டியதில்லை.

1992இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அப்பா பாலு இங்களே வழக்கு இப்படிப்பட்டதுதான். கர்நாடகத்தில் புதிதாகப் போட்ட போர்வெல்லில் தண்ணி எடுக்கவிடாமல் மிரட்டித் துரத்தினார்கள். உயர் நீதிமன்றம் எதிரிகளை விடுதலை செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது. நீதிபதி கே. ராமசாமி 17வது பிரிவின் வரலாற்றை நீளமாக எழுதினார். அங்கே முன்பக்கமும் கடைசிப் பக்கமும் ஒத்துப்போயின.

1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. பழைய சட்டத்தைவிடப் பலமானது, கிணறு, கோயில், டீக்கடையோடு நிற்காமல் கொலை, கற்பழிப்பு, நிலப்பறிப்பு வரைக்கும் எட்டுகிற சட்டம். ஆனால் அதன் கடுமையான ஒரு பிரிவில் ஒரு தொடரை வைத்தார்கள். பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியாகவோ ‘இருக்கிற காரணத்தால்’ குற்றம் நடந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆயுள் தண்டனை. 12வது பிரிவில் இருந்த மாதிரி, காரணத்தைக் கோர்ட்டே அனுமானிக்கிற வசதி இதற்கு இல்லை.

இந்த ஒரு தொடர் போதுமானதாக இருந்தது. 2006இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், எட்டு வயசுத் தலித் சிறுமியைப் பாலியல் வன்முறை செய்தவனின் குற்றத்தை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அவள் தலித் என்கிற காரணத்தால்தான் செய்தான் என்பதற்குச் சாட்சியம் இல்லை என்று வன்கொடுமைப் பிரிவை நீக்கியது. எந்தச் சாட்சியம்? செய்கிறவன் செய்யும்போது சாதிப் பேரைச் சொல்லிவிட்டுச் செய்யணுமா? சேரிப் பொண்ணைத் தொட்டால் கேட்க நாதியில்லை என்கிற தைரியம் எதிலிருந்து வருகிறது? அந்தத் தைரியத்தின் பேர்தான் சாதி. அதை அவன் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனதுதான் அதன் வெற்றி.

2015இல் பாராளுமன்றம் திருத்தியது, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ‘இருக்கிற காரணத்தால்’ என்பது போய் ‘என்று தெரிந்தே’ என்று ஆனது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ எதிரிக்கு முன்பே பழக்கம் இருந்தால், சாதி அவனுக்குத் தெரியும் என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்தார்கள். கிராமத்தில் யாருக்கு யார் சாதி தெரியாது? ரெண்டு சொல்லை மாற்ற இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேலே ஆகியிருக்கிறது. அந்த வருஷங்களில் தோற்றுப்போன வழக்குகளுக்கு எந்தத் திருத்தமும் பின்தேதியிட்டு வராது.

அதைத்தான் 2021 ஏப்ரலில் வந்த படான் ஜமால் வலி தீர்ப்பு காட்டுகிறது. ஆந்திராவில் கண் தெரியாத ஒரு தலித் பெண்ணுக்கு 2011இல் நடந்த கொடுமை. சாதி, பெண், ஊனம் மூன்றும் ஒரே உடம்பில் சேரும்போது ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் காரணம் காட்டச் சொல்வது நியாயமில்லை, ‘காரணத்தால்’ என்றால் ‘அது ஒன்றே காரணமாக’ என்று வாசிக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு எழுதுகிறது. தலித் பெண்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் உச்ச நீதிமன்றத்தின் வாய்க்கு வந்துவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். பாலியல் வன்முறைக்கான ஆயுள் தண்டனை உறுதி. வன்கொடுமைச் சட்டப் பிரிவின் கீழான தண்டனை ரத்து. சம்பவம் திருத்தத்துக்கு முந்தியது, சாதிக் காரணத்துக்குத் தனியாகச் சாட்சியம் வைக்கப்படவில்லை. நெஞ்சு விரிந்தது, கை சுருங்கியது. ஒரே தீர்ப்பில்.

4

இன்னொரு தொடர்: ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்’. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமானால் அது அப்படிப்பட்ட இடத்தில் நடந்திருக்கணும். 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில், வீட்டு கேட்டுக்கு முன்னால் நடந்தால் அது பொதுப்பார்வை என்றார்கள். 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில், நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாத இடத்தில் நடந்தது இந்தப் பிரிவில் வராது என்று முடித்தார்கள்.

சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் சரிதானே என்று வக்கீல் நண்பர் சொல்கிறார். இதற்கு என் சின்னம்மா முறையில் ஒருத்தர் பதில் சொல்லியிருக்கிறார். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஊர்த்தெருவில் வீட்டு வேலையும் மாட்டு வேலையும் பார்க்கிறவர். கூலி பாக்கி கேட்டதற்கு அந்த வீட்டுக்காரன் சாதியைச் சொல்லி வாய்க்கு வந்தபடி பேசிவிட்டான். புகார் கொடுக்க நானும் கூடப் போயிருந்தேன். எழுதிக்கொண்டவர் கேட்ட முதல் கேள்வி, யார் பார்த்தாங்க? வெளியே வந்து சின்னம்மா சொன்னார்:

“மாட்டுக் கொட்டாய்ல சாணி வாரிக்கினு இருந்தன். யாரு பாத்தாங்கன்னு கேக்குறாரு. மாடு பாத்துச்சுப்பா. அவன் பொண்டாட்டி பாத்தா, அவன் ஆத்தா பாத்தா. அதுங்க வந்து எனக்கா சொல்லும்? நான் வேல செய்யுற எடத்துலதான என்னய திட்டுவான். ரோட்டுல வச்சித் திட்டணும்னா நான் ரோட்டுலயா வேல செய்யுறன்?”

பொது, தனி என்கிற பிரிவினை சொந்தமாக வீடு வாசல் உள்ளவனின் பிரிவினை. அவனுக்கு வீடு தனி, தெரு பொது. சின்னம்மாவுக்கு அவன் வீடுதான் வேலைத்தலம். ஐம்பது வருஷமாக இந்தியச் சாதியின் பெரும்பகுதி வசனம் பேசப்பட்டது அந்த மாதிரிக் கொட்டாய்களிலும் களத்துமேட்டிலும் கொல்லைப்புறத்திலும்தான். எந்த இடத்தில் சாதி ரொம்பப் பேசுமோ அந்த இடத்தில் சட்டம் காதைப் பொத்திக்கொள்கிறது. சரி, பொது இடத்திலேயே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் ‘பொதுமக்கள்’ யார்? ஊர். ஊர் வந்து ஊருக்கு எதிராகச் சாட்சி சொல்லணும் என்று இந்தத் தொடர் எதிர்பார்க்கிறது.

மனித உரிமைக் கொள்கை என்று அரசாங்கங்கள் பேசுவதிலும் இதே கோளாறு இருக்கிறது. 1993இல் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தேசிய ஆணையம் வந்தது. அந்தச் சட்டப்படி, நடந்து ஒரு வருஷம் தாண்டிய விஷயத்தை ஆணையம் விசாரிக்க முடியாது. ஆயிரம் வருஷத்து விஷயத்துக்கு ஒரு வருஷ வாய்தா. மனித உரிமை என்கிற சொல்லாடல் பெரும்பாலும் அரசாங்கத்தைத்தான் எதிரியாகப் பார்க்கும். லாக்கப், துப்பாக்கிச் சூடு, தடுப்புக் காவல். இதெல்லாம் நமக்கும் நடக்கிறது, அதற்காகப் பேசணும். ஆனால் நம்ம முதல் எதிரி அடுத்த தெருவில் இருக்கிறான். 17வது பிரிவின் அருமையே இங்கேதான். அரசாங்கத்தை மட்டும் கட்டுப்படுத்தாமல் அடுத்த தெருக்காரனையும் கட்டுப்படுத்துகிற உரிமைகள் அரசியல் சட்டத்தில் கொஞ்சம்தான். 17, 23, 24 ஆகியவை தனியாருக்கு எதிராகவும் செல்லும் என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படி ஒரு பிரிவை வைத்திருக்கிற நாடு 2001இல் டர்பன் மாநாட்டில் சாதி இனம் அல்ல, அதை இங்கே பேச வேண்டாம் என்று நின்றது. அடுத்த வருஷமே, 2002இல், இனப்பாகுபாட்டு ஒழிப்புக்கான ஐ.நா. குழு பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் சேரும் என்று பரிந்துரை எழுதியது. வீட்டுக்குள் நடப்பது வெளியார் பார்வைக்கு வரக் கூடாது என்பதுதான் ரெண்டு இடத்திலும் வாதம். கொட்டாய்க்கு ஒரு சுவர், தேசத்துக்கு ஒரு சுவர்.

5

2018 மார்ச் 20. மகத் குளத்தில் அம்பேத்கர் கை வைத்த அதே தேதி. அன்றைக்கு மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லிப் பூட்டு மேல் பூட்டாகப் போட்டது. கைது செய்ய மேலதிகாரி அனுமதி வேணும், எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் ஆரம்ப விசாரணை நடத்தலாம், முன்ஜாமீன் கொடுக்கலாம். பொய் வழக்குகள், விடுதலையான வழக்குகள் பற்றிய கணக்கும் எடுத்துவைக்கப்பட்டது.

ஒரு விமர்சகனாக நான் இங்கேதான் நிற்கிறேன். விடுதலை என்றால் பொய் வழக்கு என்று வாசிப்பது என்ன வகை வாசிப்பு? வெண்மணியிலும் விடுதலைதான். அப்படியானால் அந்த 44 பேரும் எரியவில்லையா? சாட்சி பிறழ்ந்தது, போலீஸ் சரியாக விசாரிக்கவில்லை, வழக்கை இழுத்தடித்தார்கள், ராஜியாகச் சொல்லி மிரட்டினார்கள் என்று அந்த எண்ணுக்குப் பின்னால் ஆயிரம் கதை இருக்கும். அத்தனையையும் மூடிவிட்டு எண்ணை மட்டும் வாசித்தால் பாதிக்கப்பட்டவன் பொய்யன் ஆகிவிடுகிறான். கார் உள்ளவன் நடந்து வர மாட்டான் என்றது ஒரு காலம், சேரிக்காரன் பொய்க் கேஸ் போடுவான் என்றது அடுத்த காலம். கதைசொல்லி உட்கார்ந்த நாற்காலி மாறவில்லை.

ஏப்ரல் 2ஆம் தேதி நாடு முழுக்க தலித்துகள் தெருவுக்கு வந்தார்கள். வட மாநிலங்களில் பல பேர் உயிரை விட்டார்கள். ஆகஸ்டில் பாராளுமன்றம் 18ஏ என்கிற பிரிவைச் சேர்த்து அந்தப் பூட்டுகளை உடைத்தது. 2019 அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமே தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. விடுதலைக்குக் காரணம் மோசமான விசாரணையாகவும் இருக்கலாம், ஒரு சமூகமே பொய்ப்புகார் கொடுக்கும் என்று நினைப்பது மனித மாண்புக்கு விரோதம் என்கிற அர்த்தத்தில் எழுதியது. 2020 பிப்ரவரியில் 18ஏவும் செல்லும் என்று ஆனது.

அரசியல் சட்டத்தின் பொருள் வளர்கிறது என்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: 2018 மார்ச்சுக்கும் 2019 அக்டோபருக்கும் நடுவே 17வது பிரிவின் மூலத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. உரை மட்டும் தலைகீழாக மாறியது. மாற்றியது யார்? சட்டக் கல்லூரியில் உட்கார்ந்து பரிமேலழகர் வேலை பார்க்கிறவர்களா? ஏப்ரல் 2ஆம் தேதி செத்துப்போனவர்கள் எந்தத் தீர்ப்பிலும் உரையாசிரியர்களாகக் குறிப்பிடப்பட மாட்டார்கள். ஆனால் அந்த உரையில் அவர்கள் கையெழுத்து இருக்கிறது.

6

நல்ல வாசிப்பே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. 2024 அக்டோபர் 3ஆம் தேதி ஜெயில் விதிகள் பற்றிய தீர்ப்பு வந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்கு. சுதந்திரம் வந்து எழுபது வருஷம் தாண்டியும் ஜெயில் கையேடுகளில், துப்புரவுக்கு மேத்தர், ஹரி சாதிகளிலிருந்து ஆள் எடு, சமையலுக்கு ஏற்ற சாதிக்காரனைப் போடு என்கிற மாதிரி எழுதிவைத்திருந்தார்கள். நம்ம பாளையங்கோட்டை ஜெயிலில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்த சங்கதியும் அதில் வந்தது. சண்டை வராமல் இருக்கத்தான் பிரிக்கிறோம் என்று அரசாங்கம் சொன்னதைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றுக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பாற்றச் சாதியைப் பிரித்து வைப்பது என்பது ஊர், சேரி என்று பிரித்து வைத்த அதே புத்திதானே.

கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அந்த விதிகள் 17க்கும் மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் விரோதம், செல்லாது. மூன்று மாதத்தில் கையேடுகளைத் திருத்து. கைதிகள் பதிவேட்டில் சாதிக் கட்டத்தை எடு. நெஞ்சும் கையும் ஒரே அளவு. இது எப்படிச் சாத்தியமானது? ஒருத்தர் ஜெயில் ஜெயிலாக விசாரித்து, கையேடு கையேடாகப் புரட்டி, எந்த வரியில் சாதி உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். மூலத்தை நேராகக் கொண்டுபோய் முன்னால் வைத்துவிட்டால் உரை சொல்கிறவர் தப்பிக்க முடியாது. இதை நான் விமர்சனத்தின் வெற்றி என்றுதான் சொல்வேன். காகிதத்தில் கட்டத்தை எடுத்தபின் பிளாக்கில் சுவரை எடுத்தார்களா என்று போய்ப் பார்க்கிற வேலை மட்டும் மிச்சம் இருக்கும். அதைக் கோர்ட்டு செய்யாது, நாமதான் செய்யணும்.

அதனால் நம்ம எழுத்தாளர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தன் வரலாறு எழுதுகிறீர்கள், சாட்சியம் எழுதுகிறீர்கள். அதைப் புலம்பல் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் போகட்டும். ‘எந்த வடிவத்திலும்’ என்று சட்டம் சொன்ன அந்த வடிவங்களுக்கு இந்த நாட்டில் பட்டியல் கிடையாது. அந்தப் பட்டியல் உங்கள் எழுத்தில்தான் இருக்கிறது. எந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னான், எந்தச் சுடுகாட்டுப் பாதையை மறித்தான், எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் கையில் விளக்குமாறு கொடுத்தான், எந்தக் கொட்டாயில் என்ன பேசினான் என்று தேதி போட்டு, இடம் போட்டு, வார்த்தை பிசகாமல் எழுதிவையுங்கள். அழகாக எழுத வேண்டாம், சரியாக எழுதினால் போதும். கற்பனை வேணும் என்றால் அதற்கு உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன.

அம்பேத்கர் அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டு விளக்கம் சொல்லாமல் உட்கார்ந்தார். எழுபது வருஷத்துக்கு மேலாக அதற்கு மற்றவர்கள் உரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சில சமயம் நல்லபடியாக, பல சமயம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். மாட்டுக் கொட்டாயில் சாணி வாரினவளின் உரை இன்னமும் ஏட்டில் ஏறவில்லை. அதை ஏற்றுகிற வரைக்கும் 17வது பிரிவு பாதி எழுதின வாக்கியம்தான்.